சந்தனம் வைத்த சாவி

நாற்பதைத் தாண்டிய பிறகும் என்னை ஆபீஸ் பாய் என்றுதான் சொன்னார்கள். அந்த வேலையில் இருப்பவனுக்கு வயது ஏறுவதில்லை. பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டைப் பார்த்தபடி, ஒரு ஹார்டுவேர் கடையின் மேல்மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த புதிது. பெங்களூரில் மாடி கிடைத்தவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனி ஆரம்பித்துக்கொண்டிருந்த காலம். கீழே ஆணி, தாழ்ப்பாள், பெயிண்ட். மேலே அமெரிக்கா.

அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் என்ன நோய், என்ன மருந்து என்று எழுதி வைக்கமாட்டார்களாம். ஒரு மெஷினிடம் வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் குரல் போன் லைன் வழியாகப் பொம்மனஹள்ளிக்கு வந்து சேரும். எங்கள் ஆட்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கேட்டுக் கேட்டு டைப் செய்து திருப்பி அனுப்புவார்கள். அவர்களுக்குக் காபி கொடுப்பதும் மேசை துடைப்பதும் குடத்தில் தண்ணீர் நிரப்பி வைப்பதும் என் வேலை.

நான் பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தவன். படிப்பு நின்றது பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. தெரியாத மனிதர் முன்னால் வாய் வராது என்பதுதான் என் வருத்தம். வேலை கேட்டுப் போய், வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்று, யாரோ ஏறிட்டுப் பார்த்ததும் வழி தவறி வந்தவன்போலத் திரும்பிய இடங்கள் பல. இந்த வேலைகூட என் மைத்துனன் பேசி வாங்கித் தந்ததுதான். ஆகவே வேலை போய்விடுமோ என்ற பயம் மற்றவர்களைவிட எனக்கு அதிகம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்பது இரண்டாவது கவலை. மறுபடி ஒரு வாசலில் நின்று கேட்க வேண்டுமே என்பதுதான் முதல் கவலை.

அமெரிக்காவிலிருந்து வரும் குரல்கள் அப்படியே வராது. நடுவில் யாரும் ஒட்டுக்கேட்டுவிடக் கூடாது என்று அவற்றைக் கலைத்துப் போட்டு அனுப்புவார்கள். கலைந்ததை எங்கள் பெரிய மெஷினில் ஓடும் ஒரு புரோகிராம் நேராக்கும். நேராக்குவதற்கு ஒரு சாவி வேண்டும். சாவி என்றால் இரும்பு இல்லை. ஒரு நீளமான எண். அந்த எண் ஒரு ஃபைலாக ஃபிளாப்பியில் இருந்தது. உள்ளங்கை அகலத்தில் கறுப்புச் சதுரம், தலையில் நகரும் ஒரு சின்னத் தகடு, அதற்கடியில் எண் பதிந்த மெல்லிய வட்டு. இதெல்லாம் அந்த புரோகிராமை எழுதிய மேடம் எனக்குச் சொன்னது. சேலத்துப் பெண். என்னை அண்ணா என்று கூப்பிடுவார்.

சாவியைக் கொடுக்க ஒரு வெள்ளைக்காரர் விமானம் ஏறி நேரிலேயே வந்திருந்தார். ஒரு ஃபிளாப்பி, அதற்கு ஒரு நகல், அவ்வளவுதான். தொலைந்தால் உடனே எங்களுக்குச் சொல்ல வேண்டும், சாவிக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும், அவர் பெயர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நகலை முதலாளி தன் வீட்டுப் பீரோவில் வைத்துக்கொண்டார். மற்றதற்குப் பொறுப்பாளர் யார் என்ற பேச்சு வந்தபோது நான் காபி டிரேயோடு அங்கே நின்றிருந்தேன்.

"என்ஜினியருங்க கையில குடுக்க முடியாது" என்றார் முதலாளி. "இன்னிக்கு இங்க இருப்பானுங்க, நாளைக்கு கலிபோர்னியாலேந்து போஸ்ட் கார்டு போடுவானுங்க. டைப் பண்றவங்க கையில குடுத்தா இன்னொரு கம்பெனிக்கு எடுத்துட்டுப் போவாங்க. இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஆளா இருக்கணும்."

சொல்லிக்கொண்டே கண்ணைச் சுழற்றினார். கண் என் மேல் வந்து நின்றது. என் தகுதி இவ்வளவு சீக்கிரம் புலப்பட்டதில் எனக்கே ஆச்சரியம்.

மேடம் அப்போது இன்னொன்று கேட்டார். அவர் எழுதிய புரோகிராமில் இரண்டு பட்டன்கள் இருந்தன. ஒன்று ஃபைலிலிருந்து சாவியை உள்ளே ஏற்றுவதற்கு. மற்றது உள்ளே இருக்கும் சாவியை ஒரு ஃபைலில் சேமிப்பதற்கு.

"சேமிக்கறது எதுக்கும்மா?" என்றார் முதலாளி.

"ஃபிளாப்பி கெட்டுப்போச்சுன்னா சார்..."

"எவன் வேணா பட்டனை அமுக்கி நகல் எடுத்துட்டுப் போயிடுவான். அதைத் தூக்கிடு. சாவி உள்ள போகணும், வெளிய வரக் கூடாது. உண்டியல் மாதிரி."

மேடம் இரண்டாவது பட்டனை எடுத்துவிட்டார். எடுக்கும்போது முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. முதலாளிக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்காததுபோல இருந்தார்.

இப்படி எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. புரோகிராம் சாவியைத் தன் நினைவில்தான் வைத்திருக்கும். கரண்ட் போய், யு.பி.எஸ். பேட்டரியும் தீர்ந்து, மெஷின் அணைந்தால் மறந்துவிடும். மறுபடி ஏற்ற வேண்டும். பொம்மனஹள்ளியில் கரண்ட் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால் பொறுப்பாளர் எப்போதும் பக்கத்திலேயே இருக்க வேண்டியதாயிற்று. ஃபிளாப்பியை ஆபீஸ் பீரோவிலிருந்து எடுத்து, மெஷினில் சொருகி, மேடம் காட்டிய பொத்தானை அமுக்குவேன். பச்சை எழுத்து வந்தால் சரி. சிவப்பு வந்தால் மேடத்தைக் கூப்பிட வேண்டும். பீரோ சாவியை என் அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருந்தேன்.

வீட்டில் இது கொஞ்ச நாள் பேச்சாக இருந்தது.

"இன்னாய்யா, நாற்காலி போட்டு குந்த வெச்சிட்டாங்களாமே. இன்னா உத்தியோகம்?" என்றாள் என் மனைவி.

"சாவி வெச்சிருக்கறது."

"வாட்ச்மேனா?"

"இல்ல. கம்ப்யூட்டர் சாவி."

"கம்ப்யூட்டருக்குப் பூட்டு எங்க கீது?"

"அது எனக்குத் தெரியாது."

"பூட்டு எங்க கீதுன்னு தெரியாதவன் கையில சாவிய குட்த்துட்டு அவுங்க நிம்மதியா தூங்கறாங்க. நல்ல கம்பெனி."

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் ஆயுத பூஜை என்றால் ஆட்டோ முதல் ஆஸ்பத்திரி வரை எல்லா மெஷினுக்கும் மாலை உண்டு. எங்கள் முதலாளி பக்தியுள்ளவர். பூஜைக்காக வாழைக்கன்று கட்டி, கலர் காகிதம் ஒட்டி, எல்லா கீபோர்டுகளையும் நான் துணியால் துடைத்து வைத்தேன். மேடம் பூஜைக்கு சேலம் போயிருந்தார். விஜயதசமி அன்று காலை பஸ்ஸில் திரும்புவதாகச் சொல்லியிருந்தார். மற்ற மெஷின்களை எல்லாம் அணைத்தார்கள். பெரிய மெஷினை மட்டும் அணைக்கவில்லை. அமெரிக்க டாக்டர்களுக்கு ஆயுத பூஜை கிடையாது.

புரோகிதர் வந்து உட்கார்ந்ததும் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"அந்த ஃபிளாப்பிய எடுத்துட்டு வா. நம்ம ஆபீஸ்லயே முக்கியமான ஆயுதம் அதுதானே."

எடுத்துக் கொடுத்தேன். அவர் தன் சட்டைப் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். வீட்டுப் பீரோவில் இருந்த நகல்.

"இதையும் கொண்டுவந்தீங்களா சார்?" என்றேன்.

"ஒண்ணுக்குப் பண்ணிட்டு ஒண்ணை விட்டா நல்லா இருக்காதுப்பா."

இரண்டும் பித்தளைத் தாம்பாளத்தில் போயின. புரோகிதர் கன்னடக்காரர். எதற்கும் முகம் சுளிக்காதவர். லாரி ஸ்டியரிங்குக்கும் தையல் மெஷினுக்கும் செய்து பழகிய கை. அந்தக் கறுப்புச் சதுரங்களைத் திருப்பிப் பார்த்தார். பளபளவென்று இருந்த இடம் அந்தத் தகடு ஒன்றுதான். பொட்டு வைக்க அதுதான் சரியான இடம் என்று யாருக்கும் தோன்றும். தகட்டை விரலால் கொஞ்சம் ஒதுக்கி, இரண்டு பக்கமும் தாராளமாகச் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். பூவைத் தண்ணீரில் தோய்த்துத் தெளித்தார். மஞ்சள் அரிசி போட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக் கூடாது. தாம்பாளம் அப்படியே சாமி படத்தின் முன்னால் இருந்தது. வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். எல்லோருக்கும் பொரி, சுண்டல் கொடுத்தேன். அன்று கரண்ட் போகவே இல்லை. பூஜை பலித்துவிட்டது என்று முதலாளி சொன்னார்.

விஜயதசமி காலையில் மேடம் பையோடு நேராக ஆபீசுக்கு வந்தார். விடுமுறை என்பதால் டைப் செய்கிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருந்தார்கள். நான் தாம்பாளத்திலிருந்து ஃபிளாப்பிகளை எடுத்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, கையில என்ன அது?"

சொன்னேன்.

அவர் பையைக் கீழே வைத்தார். என் கையிலிருந்து இரண்டையும் வாங்கினார். தகட்டை நகர்த்தினார். உள்ளே சந்தனம் காய்ந்து ஏடாகப் படிந்திருந்தது. ஒரு மஞ்சள் அரிசி உருண்டு வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. ஒன்றை வேறொரு மெஷினில் சொருகிப் பார்த்தார். அது கரகரவென்று இருமியது. சிவப்பு எழுத்து. மற்றதைச் சொருகினார். அதே இருமல், அதே சிவப்பு.

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் கொஞ்ச நேரம் சாமி படத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஒப்பந்தத்துல பொறுப்பாளர்னு உன் பேர்தானேப்பா இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். "சாவி போச்சுன்னு அவங்களுக்குச் சொன்னா, பொறுப்பாளர் என்ன ஆனார்னு கேப்பாங்க. இன்னும் வேலையில வெச்சிருக்கோம்னு சொல்ல முடியுமா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தாம்பாளத்தின் பெயர் ஒப்பந்தத்தில் இல்லை. எனக்கு அந்த நிமிடமே ஏதேதோ கட்டிடங்களின் வாசல்கள் கண் முன்னால் வந்தன. எல்லா வாசலிலும் யாரோ ஒருவர் நிமிர்ந்து 'யார்ப்பா நீ' என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், பெரிய மெஷின் ஓடிட்டுத்தானே இருக்கு?" என்றார் மேடம். "முந்தாநாள் ஏத்தின சாவி இன்னும் உள்ளதான் இருக்கும்."

"அப்படியா? அப்ப வெளிய எடு."

"வெளிய எடுக்கற பட்டனைத்தான் நீங்க தூக்கச் சொன்னீங்க."

"இப்ப வெச்சிடு."

"வைக்கணும்னா புரோகிராமை நிறுத்தணும். நிறுத்தினா சாவி மறந்துடும்."

"நிறுத்தாம வை."

"ஓடற பஸ்ஸுக்கு டயர் மாத்தற மாதிரி சார் அது."

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். அது என் நாற்காலி. அவரை எழுப்புவது முறையில்லை என்று நான் நின்றுகொண்டேன்.

வேறு வழி ஒன்று இருந்தது. மெஷினின் நினைவுக்குள்ளேயே நுழைந்து, எங்கெங்கேயோ இருக்கும் எண்களுக்கு நடுவில் இந்த எண் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடிப் பிடிக்க வேண்டும். மதியம்வரை ஆகலாம் என்றார் மேடம். அதுவரை மெஷின் அணையக் கூடாது. சொல்லிவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்து தலைமுடியை இறுக்கி முடிந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் மின்விசிறி நின்றது. பிறகு யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது.

அந்தக் கத்தலை நான் தினமும் கேட்டவன். அன்றுதான் அது யாரையோ கூப்பிடுகிற சத்தம்போல இருந்தது. கரண்ட் ஆபீசுக்கு முதலாளி போன் செய்தார். யாரோ ரிசீவரை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டிருந்தார்கள். கீழே ஹார்டுவேர் கடை ஜெனரேட்டரில்தான் வழக்கமாக எங்களுக்கும் லைன் வரும். கடைக்காரர் குடும்பத்தோடு மைசூர் தசரா பார்க்கப் போயிருந்தார். ஷட்டரில் தொங்கிய பூட்டுக்கும் பொட்டு வைத்திருந்தார்.

"பக்கத்துக் கல்யாண மண்டபத்துல ஜெனரேட்டர் ஓடுது சார்" என்றேன். பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் அது உறுமுவது கேட்டது.

"நான் போக முடியாது" என்றார் முதலாளி. "போன மாசம்தான் ஸ்பீக்கர் சத்தத்துக்கு அவங்ககூட சண்டை போட்டேன். நீ போ."

"நானா சார்?"

"வேற யார் இருக்கா?"

உண்மையில் வேறு யாரும் இல்லை. டைப் செய்கிறவர்கள் மூவரும் திடீரென்று மும்முரமாக டைப் செய்தார்கள். கரண்ட் இல்லாத கீபோர்டில்.

மண்டபத்தில் ஒரு நிச்சயதார்த்தம். வாசலில் நின்றேன். என்ன சொல்வது, யாரிடம் சொல்வது என்று வாக்கியத்தை உள்ளுக்குள் கட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு பெண் என் மேல் பன்னீர் தெளித்துவிட்டாள். இன்னொருத்தி கற்கண்டு கொடுத்தாள். ஒரு பெரியவர் என் தோளில் கை வைத்து, "பன்னி, பன்னி, திண்டி ஆயித்தா?" என்றார். வாங்க வாங்க, டிபன் ஆயிற்றா என்று கேட்கிறார். ஆகவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் அதைச் சொல்ல வரவில்லை, வந்த காரியத்தைச் சொல்லவும் வரவில்லை. என் மௌனத்தைக் கூச்சம் என்று சரியாகப் புரிந்துகொண்ட அவர், கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்.

இலை போட்டார்கள். கேசரி பாத் வைத்தார்கள். மேலே பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது. கீழே எனக்கு உப்பிட்டு, அதாவது உப்புமா, பரிமாறுகிறார்கள். எழுந்து போவது மரியாதையில்லை. சாப்பிடுவது அதைவிட மோசம். சட்னிக்காரரிடம் "போதும்" என்றேன், தமிழில்.

பக்கத்து இலைக்காரர் திரும்பினார். காக்கிச் சட்டை, கையெல்லாம் கிரீஸ்.

"இன்னாண்ணே, நம்மாளா? எந்தப் பக்கம்?"

"ஸ்ரீராம்புரம்."

"நான் ஜீவனஹள்ளி. பையன் வூடா, பொண்ணு வூடா?"

"பக்கத்து வீடு" என்றேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஜெனரேட்டர்காரரைப் பாக்கணும்" என்றேன்.

"பாத்துக்கினுதான் கீற. சொல்லு."

சொன்னேன். ஒரு லைன் வேண்டும், ஒரு மெஷினுக்கு மட்டும்.

"இன்னா மெஷின், கிரைண்டரா?"

"கம்ப்யூட்டர்."

"கரண்ட் வந்தப்புறம் போட்டுக்கறது. இன்னா அவசரம்?"

"அணைஞ்சா சாவிய மறந்துடும்."

"எந்தச் சாவி?"

"அமெரிக்கா டாக்டருங்களோட சாவி."

அவர் வாயில் இருந்ததை மெதுவாக மென்று விழுங்கினார். "அமெரிக்கா டாக்டருங்க சாவி உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எங்கிட்ட குடுத்தாங்க."

அவருக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்து, இலையை மடித்துவிட்டு எழுந்தார். "வயர் கீது, இழுத்துத் தரேன். ஆனா லோடு தாங்காது. வாசல்ல எரியற சீரியல் லைட்டை நிறுத்தணும். அதுக்கு பொண்ணோட மாமாவைக் கேக்கணும். வா."

பட்டப்பகலில் மண்டபத்தின் முகப்பு முழுவதும் சிவப்பும் பச்சையுமாகச் சீரியல் லைட் எரிந்துகொண்டிருந்தது. வெயிலில் அது எரிவதே உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் அதை அணைப்பது பற்றிக் கேட்டதும் பெண்ணின் மாமா முகம் மாறியது. பட்டு ஜரிகைத் துண்டும் கனத்த மீசையுமாக இருந்தார். கன்னடக்காரர்தான், ஆனாலும் எங்களுக்காகத் தமிழில் பேசினார்.

"விசேஷ மனை சாமி. லைட் இல்லேன்னா யாரு வர்றாங்க? ஏன் ஆஃப் பண்ணணும்?"

நான் வாயைத் திறந்தேன். எண், ஃபைல், நினைவு, ஒப்பந்தம் எல்லாம் ஒன்றாக முண்டியடித்துக்கொண்டு வந்து தொண்டையில் நின்றன. கடைசியில் வெளியே வந்தது இரண்டே வார்த்தை.

"டாக்டருங்க சமாச்சாரம்."

"மேலயா? ஆபரேஷனா?" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

இல்லை என்று சொல்ல வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் ஜெனரேட்டர்காரர் முந்திக்கொண்டார். "ஆமா சாமி. உள்ள கீறத வெளிய எடுக்கறாங்க. கரண்ட் போச்சுன்னா அவ்ளோதான்."

மாமா கையை வானத்தைப் பார்த்துக் காட்டினார். சீரியல் லைட் அணைந்தது. மாடி ஜன்னல் வழியாக வயர் ஏறியது. யு.பி.எஸ். ஒரு கத்தலை நடுவிலேயே விழுங்கிக்கொண்டு அமைதியானபோது மேடம் திரும்பிப் பார்க்கவில்லை. திரையில் எண்கள் எறும்பு வரிசைபோல ஓடிக்கொண்டிருந்தன. முதலாளி சாமி படத்துக்கும் மெஷினுக்கும் நடுவில் நின்றார். யாரை வேண்டிக்கொள்வது என்று முடிவு செய்யாதவர்போல. நான் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த எறும்புகளில் ஏதோ ஒரு வரிசையில் என் வேலை போய்க்கொண்டிருந்தது. அது எந்த வரிசை என்று எனக்குத் தெரியாது. மேடத்துக்கும் இன்னும் தெரியவில்லை என்பதுதான் கஷ்டம்.

ஒரு தடவை "கிடைச்சிடுச்சு" என்றார். பிறகு "இல்ல, இது வேற" என்றார். மதியச் சாப்பாட்டு நேரமும் தாண்டியது. அப்புறம் அவர் எதுவும் சொல்லாமல் புது ஃபிளாப்பி ஒன்றை எடுத்துச் சொருகினார். அது இருமவில்லை. வேறொரு மெஷினையும் அதே வயரில் மாட்டி, அதில் போட்டு, புரோகிராமை அங்கே ஓடவிட்டு, என்னைப் பார்த்து, "அண்ணா, நீங்களே அமுக்குங்க" என்றார். அமுக்கினேன். பச்சை.

அந்த நேரத்தில்தான் கதவு திறந்து பெண்ணின் மாமா உள்ளே வந்தார். பின்னால் ஒருவர் கையில் தட்டு. ஆப்பிள், வாழைப்பழம், தேங்காய், பூ.

"தெக்கொண்டாச்சா?" என்று மெல்லக் கேட்டவர், எங்களுக்குப் புரியாதோ என்று, "எடுத்துட்டீங்களா?" என்றார்.

"எடுத்துட்டோம் சார்" என்றார் மேடம். கண் இன்னும் திரையிலேயே இருந்தது. "பத்திரமா இருக்கு."

"தேவரு தொட்டவரு, கடவுள் பெரியவரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் அவர். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். படுக்கையும் இல்லை, படுத்திருப்பவரும் இல்லை. பெரிய இடங்களில் இதெல்லாம் வேறு மாதிரிதான் இருக்கும் என்று நினைத்திருப்பார். தட்டை முதலாளியிடம் கொடுத்தார். போன மாதச் சண்டைக்குச் சமாதானம் பேச வந்திருக்கிறார் என்று முதலாளி நினைத்துவிட்டார். அவரும் நெகிழ்ந்துபோய், "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கீழே சீரியல் லைட் மறுபடி எரிந்தது.

வேலை தப்பியது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் ஒரு தடவை சூடு கண்ட முதலாளி, அடுத்த நாளே மேடத்தைக் கூப்பிட்டுச் சேமிக்கும் பட்டனைத் திரும்ப வைக்கச் சொன்னார். வைத்ததும் அவரே உட்கார்ந்து அதை அமுக்கினார். பிறகு அவருக்குக் கை நிற்கவில்லை. சாவி ஒரு ஃபிளாப்பியில் சேமிக்கப்பட்டது. இன்னொன்றில், மற்றொன்றில். அவர் காரில் ஒன்று, பூஜை அறையில் ஒன்று, மைத்துனர் வீட்டில் ஒன்று. எல்லா மெஷினிலும் ஒவ்வொரு நகல். நகல்களை யாரும் திறந்துவிடக் கூடாது என்று மேடம் அதற்கு ஒரு கடவுச்சொல் வைத்துக் கொடுத்தார். எல்லோருக்கும் மறந்துபோகும் என்று முதலாளி அதைக் காகிதத்தில் எழுதி ஒவ்வொரு மானிட்டரிலும் ஒட்டச் சொன்னார். ஒட்டியவன் நான்தான். கடைசியில் பெரிய மெஷின் அணைந்து எழுந்தால் தானாகவே சாவியைத் தேடி எடுத்து ஏற்றிக்கொள்ளும்படியும் செய்துவிட்டார்கள்.

கரண்ட் போயிற்று, வந்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஒப்பந்தத்தில் மட்டும் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. ஊரில் உள்ளவர்கள் எல்லாம் கையில் வைத்திருக்கும் ஒரு சாவிக்கு நான் பொறுப்பு. நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு சுட்டது. எந்த நாளும் யாராவது 'இவர் எதுக்கு' என்று கேட்கலாம்.

கேட்க ஆள் வந்தார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன்னால் சோதனை செய்ய அமெரிக்காவிலிருந்து ஒரு தணிக்கைக்காரர். வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு நோட். அவர் வருகிறார் என்று மானிட்டரில் ஒட்டிய காகிதங்களை முந்தின நாள் கிழித்தேன். பசை மட்டும் போகவில்லை. மற்றவர்களிடம் பேசிவிட்டுக் கடைசியாகப் பொறுப்பாளரைப் பார்க்க வேண்டும் என்றார். என்னை அவர் எதிரில் உட்கார வைத்தார்கள். மேடம் நடுவில் இருந்து தமிழில் சொன்னார்.

"அண்ணா, சாவிக்கு மொத்தம் எத்தனை நகல் இருக்குன்னு கேக்கறார். எங்கெங்க இருக்குன்னும் சொல்லணுமாம்."

சொல்லிவிட்டு மேடம் சுவரைப் பார்த்தார். முதலாளி ஜன்னலைப் பார்த்தார்.

உண்மையைச் சொன்னால் கம்பெனி போகும், அதோடு என் வேலையும். பொய் சொல்லலாம் என்றால், அதற்கும் பேச வேண்டும். நான் தரையைப் பார்த்தேன். அவர் மறுபடி கேட்டார். இந்தத் தடவை மெதுவாக, குழந்தைக்குச் சொல்கிறமாதிரி. மூன்றாவது முறை அவர் குரலை உயர்த்தினார். நான் என் இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். முடிந்தது, நாளைக் காலையில் ஏதாவது ஒரு வாசல் என்று நினைத்தேன்.

அவர் நோட்டில் என்னவோ எழுதினார். பிறகு முதலாளியின் பக்கம் திரும்பி நீளமாகப் பேசினார். மேடத்தின் முகத்தில் சிரிப்பு வருவதும் அதை அவர் உள்ளே தள்ளுவதும் தெரிந்தது.

"அண்ணா, சாவியைப் பத்தி வெளியாளுக்கு எதுவும் சொல்லக் கூடாதுன்னு ஒரு விதி இருக்காம். இவர் கேட்டதே அதைப் பாக்கத்தானாம். இந்த ஆபீஸ்ல மத்த எல்லாரும் கேட்டவுடனே எல்லாத்தையும் சொல்லிட்டாங்களாம். மூணு தடவை கேட்டும் வாயே தொறக்காத ஒரே ஆள் நீங்கதானாம். நகலையெல்லாம் அழிச்சிட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமாம், ஆனா பொறுப்பாளரை மாத்தவே கூடாதுன்னு எழுதிட்டார்."

அவர் எழுந்து எனக்குக் கை கொடுத்தார். முதலாளிக்கு நிம்மதியில் முகமே பளபளத்தது. அந்த நிம்மதியில், வழக்கம்போல என்னைப் பார்த்து, "எல்லாருக்கும் காபி கொண்டா" என்றார்.

போனேன். டிரேயோடு திரும்பி வந்தபோது தணிக்கைக்காரர் என்னையும் டிரேயையும் மாறி மாறிப் பார்த்தார். கை நோட்டின் பக்கம் போய் நின்றது. கொஞ்சம் யோசித்துவிட்டு டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். மேடத்திடம் ஏதோ கேட்டார்.

"சர்க்கரை எவ்வளவு போட்டீங்கன்னு கேக்கறார் அண்ணா."

"ரெண்டு ஸ்பூன்" என்றேன், கேட்டவுடனே.